துணி உலர்த்தும் இயந்திரம் அளவுமீறிச் சூடாகிறதா? முதலில் காற்று போகும் வழியைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய விளக்க உரையும், அதைத் தொடர்ந்து நேயர்கள் கேட்ட கேள்விகளும்)



சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளில் முதலில் தடுமாறுவது துணி காயப்போடும் வேலைதான். காலையில் மூங்கில் கழியில் மாட்டி வெளியே நீட்டிய துணியைப் பிற்பகல் மழைக்கு முன் உள்ளே இழுக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. மழை இல்லாத மாதங்களில் சில ஆண்டுகள் புகைமூட்டம் வந்துவிடுகிறது. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டதும், 2015இல் பல வாரம் சன்னலைத் திறக்க முடியாமல் இருந்ததும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள்களில் பள்ளிச் சீருடையைக் காயவைக்க வேறு வழியின்றி உலர்த்தும் இயந்திரம் வாங்கிய குடும்பங்கள் பல. ஒரு காலத்தில் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்ட இந்த இயந்திரம் இன்று சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆனால் சலவை இயந்திரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சலவை இயந்திரம் பழுதானால் தரை நனையும். உலர்த்தும் இயந்திரம் பழுதானால் வீடு தீப்பிடிக்கக்கூடும். அதனால்தான் இன்றைய கருத்தரங்கில் ஒரே ஒரு கோளாற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். இயந்திரம் அளவுமீறிச் சூடானால் காரணம் என்ன? நாமே எதைப் பார்க்கலாம்? எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டு தொழில்நுட்பரை அழைக்க வேண்டும்?

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

பலர் இதை அடுப்பு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். சூடு துணியைக் காயவைக்கிறது என்று எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். துணியிலுள்ள நீரை ஆவியாக்குவது சூடு. அந்த ஆவியைச் சுமந்து வெளியேற்றுவது காற்று. இரண்டும் சேர்ந்தால்தான் துணி காயும்.

5 கிலோ துணியைத் துவைத்துப் பிழிந்து எடுத்தால் அதில் ஏறக்குறைய 3 லிட்டர் நீர் மிச்சமிருக்கும். அத்தனை நீரும் ஆவியாகி இயந்திரத்தைவிட்டு வெளியேற வேண்டும். இயந்திரத்துக்குள் ஒரு விசிறி காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று மின்சாரத்தால் சூடாகும் கம்பிச்சுருளைக் கடந்து, துணி சுழலும் உருளைக்குள் நுழைகிறது. அங்கே ஈரத்தை ஏற்றுக்கொண்டு, பஞ்சுத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி வழியாக வெளியேறுகிறது.

இங்கிருந்துதான் இயந்திரங்கள் வகைபிரிகின்றன. முதல் வகை, ஈரக் காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். இரண்டாம் வகை, ஈரக் காற்றை உள்ளேயே குளிரவைத்து, நீரை ஒரு தொட்டியில் சேகரிக்கும். மூன்றாம் வகை வெப்ப விசைக்குழாய் இயந்திரம். இது குளிர்சாதனப் பெட்டியின் தொழில்நுட்பத்தைக் கொண்டு குறைந்த சூட்டில், குறைந்த மின்சாரத்தில் துணியைக் காயவைக்கிறது.

கம்பிச்சுருள் உள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் 2,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். துணி சலவைப்பெட்டியின் அளவுக்குச் சூடேறாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஓடும் காற்று வெப்பத்தை உடனுக்குடன் எடுத்துச் சென்றுவிடுகிறது. மற்றொன்று, ஆவியாகும் நீர் துணியைக் குளிர்விக்கிறது. வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதைப் போலத்தான் இதுவும். துணி ஈரமாக இருக்கும்வரை சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. துணி காய்ந்த பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் சூடு வேகமாக ஏறும்.

இதிலிருந்து இன்றைய பேச்சின் முக்கியக் கருத்து கிடைக்கிறது. இயந்திரம் அளவுமீறிச் சூடாகிறது என்றால், பெரும்பாலும் கம்பிச்சுருள் கூடுதலாகச் சூடாகிவிட்டது என்று பொருளல்ல. சூட்டைக் கொண்டுபோக வேண்டிய காற்று எங்கோ தடைபட்டுவிட்டது என்று பொருள். ஆகவே காற்று போகும் வழியை முதலில் பார்க்க வேண்டும்; மின்பாகங்களைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

இயந்திரம் காட்டும் அறிகுறிகள்

இந்தக் கோளாறு ஒரே நாளில் வருவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி தெரியும். முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்த துணிக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் பித்தான்களும் ஜிப்பும் கையைச் சுடுகின்றன. இயந்திரத்தின் மேல்தகடு தொட முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது. தூசி கருகுவது போன்ற வாடை வருகிறது. சில நேரம் பாதியிலேயே நின்றுபோய், அரை மணி நேரம் ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது. அல்லது உருளை மட்டும் சுழல்கிறது, சூடு வருவதே இல்லை.

கடைசியில் சொன்ன இரண்டையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். “நின்றுவிட்டது, மறுபடி ஓடிவிட்டது, பரவாயில்லை” என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அது இயந்திரத்தின் பாதுகாப்பு அமைப்பு தன் கடமையைச் செய்ததற்கான அடையாளம். காரணத்தைத் தேடாமல் மீண்டும் மீண்டும் இயக்குவது ஆபத்து.

வாடை வந்தால், புகை தெரிந்தால், பிளக் பழுப்பேறியிருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

நாமே பார்க்கக்கூடிய ஐந்து இடங்கள்

எந்த இடத்தைத் தொடுவதற்கு முன்பும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கை உருவிவிடுங்கள். இயந்திரம் ஆறும்வரை காத்திருங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, வடிகட்டி. ஒவ்வொரு முறை துணி எடுத்த பிறகும் இதில் சேர்ந்திருக்கும் பஞ்சை எடுத்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை போதும் என்பது தவறு. புதிய துவாலைகளைப் போட்டால் ஒரே சுற்றில் வடிகட்டி நிறைந்துவிடும். பஞ்சை எடுத்த பிறகும் வடிகட்டி சுத்தமாகிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. துணி மென்மையாக்கும் திரவமும் வாசனைத் தாள்களும் வலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலத்தை விட்டுச் செல்லும். இதற்கு எளிய சோதனை உண்டு. வடிகட்டியைக் கழற்றிக் குழாயடியில் பிடித்து, வலையின்மேல் நீர் ஊற்றுங்கள். நீர் உடனே கீழே இறங்கினால் நல்லது. வலையின்மேல் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் தேங்குகிறது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் ஆகியவற்றைக் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். வலை கிழிந்திருந்தால் புதியது வாங்குங்கள். கிழிசல் வழியாகப் போகும் பஞ்சு நேராக விசிறிக்கும் உள்பாகங்களுக்கும் போய்ச் சேரும்.

இரண்டாவது, வடிகட்டி உட்காரும் குழி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. வடிகட்டியை எடுத்தபின் கைவிளக்கை அடித்து உள்ளே பாருங்கள். அங்கே கம்பளிபோலப் பஞ்சு படிந்திருக்கும். தூசி உறிஞ்சியின் ஒடுங்கிய முனையை விட்டு உறிஞ்சி எடுங்கள். உள்ளே கையையோ கத்தியையோ விட வேண்டாம்.

மூன்றாவது, வெளியேற்றும் குழாய் அல்லது குளிர்விக்கும் பகுதி. காற்றை வெளியே தள்ளும் வகை என்றால், பின்னால் உள்ள மடிப்புக் குழாயைப் பாருங்கள். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்போது குழாய் நசுங்கியிருக்கும். அல்லது நீளம் கூடுதலாகித் தொய்ந்து, பள்ளத்தில் பஞ்சும் நீரும் தேங்கியிருக்கும். குழாய் எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இங்கே ஒரு சோதனை செய்யலாம். குழாயைக் கழற்றிவிட்டு, சன்னலை நன்றாகத் திறந்துவைத்து, அருகிலேயே நின்று பத்து நிமிடம் மட்டும் இயக்கிப் பாருங்கள். வெளியேறும் இடத்தில் காற்று பலமாக வீசி, சூடும் வழக்கமான நிலைக்கு வந்துவிட்டால் கோளாறு குழாயில் இருக்கிறது. புதுக்குழாய் வாங்கினால் போதும். குழாய் இல்லாமலும் காற்று பலவீனமாக வந்தால் கோளாறு இயந்திரத்துக்குள் இருக்கிறது.

நீரைத் தொட்டியில் சேகரிக்கும் வகை என்றால், கீழ்ப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து குளிர்விக்கும் பகுதியைப் பாருங்கள். பல மாடல்களில் அதை உருவியெடுத்துக் குழாயடியில் கழுவலாம். சில மாடல்களில் அது நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். வெப்ப விசைக்குழாய் வகையில் அந்த இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவை எளிதில் வளையும், விரலையும் வெட்டும். தூசி உறிஞ்சியின் பிரஷ் முனையால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள்.

நான்காவது, இயந்திரம் நிற்கும் இடம். நம் வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் உள்ள சிறிய இடத்தில்தான் இதை வைக்கிறோம். காற்றை வெளியே தள்ளும் இயந்திரத்தைக் குழாயே இல்லாமல், சன்னலையும் சாத்திக்கொண்டு இயக்கினால் என்ன நடக்கும்? தான் வெளியேற்றிய சூடான ஈரக் காற்றையே அது மறுபடி இழுத்துக்கொள்ளும். துணி காய நேரமாகும், இயந்திரம் கொதிக்கும். அலமாரிக்குள் அடைத்து, கதவைச் சாத்தி வைப்பதும் இதே கதைதான். எந்தப் பக்கம் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். இயந்திரத்தின் மேல் துணிக்குவியல், அட்டைப்பெட்டி, பழைய நாளிதழ்க் கட்டு எதுவும் வேண்டாம்.

ஐந்தாவது, உள்ளே போடும் துணியின் அளவு. 7 கிலோ என்று எழுதியிருந்தால் அது உலர்ந்த துணியின் எடை. உருளையை அடைத்துவிட்டால் காற்று நுழைய இடமிருக்காது. வெளிப்பக்கத் துணி கருக, நடுவில் உள்ளது ஈரமாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும். நேரத்தை நாமே திருகி வைக்கும் பழைய மாடல்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

கையோடு இன்னொன்றையும் பாருங்கள். பிளக் உருவிய நிலையில் உருளையைக் கையால் சுழற்றுங்கள். சற்று இறுக்கமாகச் சுழல வேண்டும். காற்றாடிபோல் லேசாகச் சுழன்றால் உள்ளே உள்ள வார்ப்பட்டை அறுந்திருக்கலாம். உருளை சுழலாமல் சூடு மட்டும் வந்தால் துணி ஓரிடத்திலேயே கிடந்து வேகும்.

தொழில்நுட்பரிடம் விடவேண்டியவை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால் காரணம் உள்ளே இருக்கிறது. விசிறியின் இதழ் உடைந்திருக்கலாம். அல்லது அச்சில் வழுக்கிக்கொண்டிருக்கலாம். உருளையின் விளிம்பில் உள்ள கம்பளிப் பட்டை தேய்ந்து, காற்று கசிந்துகொண்டிருக்கலாம். வெப்பநிலைக் கட்டுப்படுத்தியின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு, சூட்டை நிறுத்த முடியாமல் போயிருக்கலாம். மின்னணுப் பலகையில் சூட்டை இயக்கும் பாகம் அதேபோல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவற்றை மல்டிமீட்டர் கொண்டு அளந்துதான் சொல்ல முடியும். மூடியைத் திறப்பது வீட்டார் வேலையல்ல.

ஆனால் வருபவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்வது நம் வேலை. இங்கேதான் மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இயந்திரத்துக்குள் சூட்டைக் கட்டுப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட காவல் இருக்கும். முதல் காவல் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி. குறிப்பிட்ட சூடு வந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் இணைக்கும். அது தவறினால் காப்பாற்ற அடுத்த காவல் உண்டு. சூடு அபாய அளவை எட்டினால் இது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சில மாடல்களில் இதை ஒரு பித்தானை அழுத்தி மறுபடி இயங்க வைக்கலாம். சிலவற்றில் இது வெப்ப ஃபியூஸ். ஒரே முறைதான் வேலை செய்யும், அறுந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

எங்கள் சின்னம்மா வீட்டில் இயந்திரம் சூடு தராமல் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்த ஒருவர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, 80 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். இயந்திரம் நன்றாக ஓடியது. மூன்று வாரம் கழித்துச் சட்டையின் காலர் பழுப்பாகக் கருகி வந்தது. வேறொரு தொழில்நுட்பரை அழைத்தோம். அவர் பின்மூடியைத் திறந்து எங்களை அழைத்துக் காட்டினார். வெப்ப ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கம்பித்துண்டு இருந்தது. அறுந்துபோன ஃபியூஸை எடுத்துவிட்டு, இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டிருக்கிறார் முன்பு வந்தவர். ஃபியூஸ் ஏன் அறுந்தது என்று அவர் பார்க்கவில்லை. விசிறியைச் சுற்றி விரற்கடை தடிமனுக்குப் பஞ்சு அடைத்திருந்தது. அந்த மூன்று வாரமும் என் சின்னம்மா மகன் அந்த இயந்திரத்துக்கு அடுத்த அறையில்தான் படுத்துத் தூங்கினான்.

ஃபியூஸ் அறுந்தது நோயல்ல. நோய் இருப்பதைச் சொல்ல வந்த தூதன். தூதனை அகற்றிவிட்டால் நோய் போய்விடுமா?

ஆகவே பழுதுபார்க்க வருபவரிடம் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்தப் பாகம் பழுது? அது ஏன் பழுதானது? அதே வெப்ப அளவும் அதே மின்னளவும் கொண்ட பாகத்தைத்தான் மாற்றினீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் தருகிறீர்களா? நேர்மையான தொழில்நுட்பர் இந்தக் கேள்விகளால் மனம் நோகமாட்டார். வேலை முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே ஒரு சுற்று இயக்கிப் பாருங்கள்.

இது வெறும் பயமுறுத்தலா?

பஞ்சுத் துகள் எவ்வளவு எளிதில் தீப்பிடிக்கும் என்பதை உலகம் பலமுறை கண்டிருக்கிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் அறிக்கை ஒன்று, 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீச்சம்பவங்கள் உலர்த்தும் இயந்திரங்களால் ஏற்பட்டதாக மதிப்பிட்டது. அவற்றில் முன்னணிக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதுதான்; அதன் பங்கு 34 விழுக்காடு.

பிரிட்டனில் நடந்தது நம்மைப் போன்ற அடுக்குமாடிவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அங்கே 2004 முதல் 2015 வரை தயாரான ஹாட்பாயிண்ட், இன்டெசிட், கிரெடா முதலிய பெயர்கள் கொண்ட சில மாடல்களில், பஞ்சு கம்பிச்சுருளைத் தொட்டுத் தீப்பிடிக்கும் குறைபாடு இருந்தது. உற்பத்தியாளரான வேர்ல்பூல் நிறுவனம் 2015 நவம்பரில் அதை அறிவித்து, வீடு வீடாகச் சென்று சரிசெய்யும் பணியைத் தொடங்கியது. பாதிக்கப்பட்ட இயந்திரங்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். சரிசெய்யும்வரை அருகில் இருந்து பயன்படுத்தலாம் என்பதே அப்போது வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை. 2016 ஆகஸ்ட் 19ஆம் தேதி, மேற்கு லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்றில், சரிசெய்யப்படக் காத்திருந்த அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று தீப்பிடித்தது. தீ வெளிச்சுவர் வழியாக மேல்மாடிகளுக்கு ஏறியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 2017இல் ஆலோசனை மாற்றப்பட்டது: பிளக்கை உருவிவிடுங்கள், பயன்படுத்தவே வேண்டாம் என்று சொல்லப்பட்டது. 2019இல் மிச்சமிருந்த இயந்திரங்கள் திரும்பப் பெறப்பட்டன.

ஒரு வீட்டு இயந்திரத்தின் தீ அந்த வீட்டோடு நிற்பதில்லை. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் நம் வடிகட்டியை நம்பித்தான் தூங்குகிறார்கள்.

எண்ணெய்த் துணிக்கு எச்சரிக்கை

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் துவட்டிய துவாலை, தலையணை உறை, அடுப்படி துடைக்கும் துணி, பூசையறையில் விளக்குத் துடைக்கும் துணி இவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். துவைத்தாலும் முழுவதும் போகாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றுடன் சேர்ந்து தாமாகவே மெல்லச் சூடேறும் தன்மை கொண்டவை. சூடான துணியைக் குவியலாகப் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பற்ற இதுவே காரணமாகலாம். தேங்காய் எண்ணெய்க்கு இந்தத் தன்மை மிகக் குறைவு. என்றாலும் அதுவும் எரியும் பொருள்தான். எண்ணெய்த் துணிகளை இயந்திரத்தில் போடாமல் கழியில் காயப்போடுங்கள்.

பெட்ரோல், டர்பன்டைன் பட்ட துணி, ரப்பர் அடிப்பாகம் கொண்ட குளியலறை விரிப்பு, ரப்பர் நுரை அடைத்த பொருள்கள் இவையும் கூடாது. சட்டைப்பையில் லைட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சுற்றின் கடைசிச் சில நிமிடங்களில் சூடு இல்லாமல் உருளை சுழல்வதைக் கவனித்திருப்பீர்கள். துணியை ஆறவைக்கவே அந்த ஏற்பாடு. அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் துணிகளை உடனே எடுத்து விரித்துப் போடுங்கள். சூட்டோடு கூடையில் அமுக்கி வைக்க வேண்டாம்.

நேயர்கள் கேட்டவை

மூத்த தாய்மார் ஒருவர்: “தங்கச்சி, மகளும் மருமகனும் வேலை முடிந்து வர ராத்திரியாகிவிடும். படுக்கப்போகும்போது இயந்திரத்தைப் போட்டுவிட்டால் காலையில் பேரப்பிள்ளையின் உடுப்பு தயாராக இருக்கும். அது தப்பா?”

அம்மா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் எல்லாரும் தூங்கும்போதும், வீட்டில் யாரும் இல்லாதபோதும் இந்த இயந்திரத்தை இயக்காதீர்கள். கோளாற்றின் முதல் அடையாளம் வாடை. தூங்குபவருக்கு வாடை தெரியாது. மாலையில் அவர்கள் வருவதற்கு முன் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் பாதிச் சுமையாகப் போட்டு எடுத்துவிடுங்கள். வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் மகளிடம் சொல்லிப் பொருத்தச் சொல்லுங்கள். 2018 ஜூன் முதல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் அது கட்டாயமாகிவிட்டது. பழைய வீடுகளுக்கும் அது நல்லதுதானே?

இளைஞர் ஒருவர்: “அக்கா, வெப்ப ஃபியூஸ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. நானே மாற்றிக்கொள்ளலாமா?”

தம்பி, பாகம் மலிவுதான். ஆனால் அதன்மேல் வெப்ப அளவும் மின்னளவும் எழுதியிருக்கும். கூடுதல் வெப்ப அளவு கொண்டதைப் போட்டுவிட்டால் காவல்காரனைத் தூங்க வைத்ததற்குச் சமம். அதோடு, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதியதும் அறுந்துபோகும். சேவை மையத்தை அழைப்பதே சிறந்தது.

குடும்பத் தலைவர் ஒருவர்: “எங்கள் வீட்டில் சலவை இயந்திரத்தையும் இதையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் சொருகியிருக்கிறோம். சூடாவதற்கு அதுவும் காரணமாகுமா, ஐயா, அம்மா யாராவது சொல்லுங்கள்.”

இயந்திரத்தின் உள்ளே சூடேற அது காரணமில்லை, ஐயா. ஆனால் அது தனியான ஆபத்து. நம் மூன்று முனைப் பிளக் 13 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் 2,300 வாட் இயந்திரம் மட்டுமே 10 ஆம்பியர் இழுக்கும். சலவை இயந்திரம் நீரைச் சூடாக்கும் நேரத்தில் இதுவும் ஓடினால் கம்பி தாங்காது. உலர்த்தும் இயந்திரத்தை நேராகச் சுவர்த் துளையில் சொருகுங்கள். பிளக், இணைப்பான் எதை வாங்கினாலும் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலைக்குச் செல்லும் பெண்மணி ஒருவர்: “எங்கள் வீட்டில் இயந்திரத்தைப் பயன்படுத்துவது பணிப்பெண்தான். அவருக்கு எப்படிச் சொல்வது?”

மிக நல்ல கேள்வி. கையேட்டைப் படித்தவர் ஒருவர், இயந்திரத்தை இயக்குபவர் வேறொருவர் என்பதுதான் பல வீடுகளின் நிலை. கோளாறு வந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் அவர்தான். வடிகட்டியை எப்படிக் கழற்றுவது, எப்படிக் கழுவுவது என்று ஒருமுறை அருகில் நின்று செய்து காட்டுங்கள். அவருக்குப் புரியும் மொழியில் மூன்று வரி எழுதி இயந்திரத்தின்மேல் ஒட்டுங்கள். வாடை வந்தால் உடனே நிறுத்திவிட்டு என்னை அழைக்கலாம், திட்டமாட்டேன் என்று சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து சொல்லாமல் விட்ட கோளாறுகள்தான் பெரிதாகின்றன.

தீப்பிடித்துவிட்டால்

இயந்திரத்தின் கதவைத் திறக்காதீர்கள். காற்று உள்ளே புகுந்தால் தீ சட்டென்று பெரிதாகும். ஆபத்தில்லாமல் எட்ட முடிந்தால் சுவர் சுவிட்சை அல்லது வீட்டின் முதன்மைச் சுவிட்சை நிறுத்துங்கள். மின்சாரம் ஓடும் இயந்திரத்தின்மேல் நீர் ஊற்றாதீர்கள். அனைவரையும் வெளியேற்றி, அந்தப் பகுதியின் கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டு வழியாக இறங்குங்கள். மின்தூக்கி வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் 995 எண்ணை அழையுங்கள். பொருளை எடுக்கத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

அன்பார்ந்த நேயர்களே, ஒவ்வொரு முறையும் வடிகட்டியைச் சுத்தம் செய்ய அரை நிமிடம் போதும். மாதம் ஒருமுறை குழியையும் குழாயையும் பார்க்க பத்து நிமிடம் ஆகும். சூடு வழக்கத்துக்கு மாறினால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். ஃபியூஸை நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கைகூப்பி வழியனுப்பி வையுங்கள். இந்தப் பக்கத்தை வெட்டி இயந்திரத்துக்கு அருகில் ஒட்டி வைத்தால் வீட்டில் உள்ள எல்லாருக்கும் பயன்படும்.